கச்சானில் உதிரும் சுவர்: பழைய கட்டடத்தைத் தொடும் முன் அளக்க வேண்டியவை

மட்டக்களப்பில் சுவர் நனைகிறது என்ற முறைப்பாடு மாரியில்தான் வரும். சுவர் உடைவது, கச்சான் என்ற உலர்ந்த தென்மேல் காற்று வீசும் மாதங்களில். நகரின் பழைய மையமான புளியந்தீவின் கல்வீடுகள், தேவாலயங்கள், பள்ளிக்கூடக் கட்டடங்கள் எதையும் வைகாசி, ஆனியில் போய்ப் பாருங்கள். இடுப்பளவு உயரத்துக்குக் கீழே பூச்சு மாவாக உதிர்ந்து தரையில் கிடக்கும். மார்கழியில் அதே இடம் கறுத்து நனைந்திருக்கும், ஆனால் உதிராது. சுவர் காய்ந்துவிட்டது, இனிப் பூசலாம் என்று மேசனைக் கூப்பிடுவதும் அந்தக் காய்ந்த மாதங்களில்தான். நோய் உச்சத்தில் இருக்கும் வேளையை நோய் நீங்கிய வேளையாக எண்ணிவிடுகிறோம்.

சுவரை உடைப்பது தண்ணீர் சுமந்து வரும் உப்பு. புளியந்தீவைச் சுற்றி வாவி. அந்த உவர்நீர் அத்திவாரம் வழியாகச் செங்கல், முருகைக்கல் (பவளக்கல்), சாந்து ஆகியவற்றின் நுண்துளைகளில் ஏறுகிறது. பெரும்பாலும் 1 முதல் 1.5 மீற்றர் வரை ஏறும். அதற்கு மேல், ஏறுகிற நீரைவிட ஆவியாகிற நீர் அதிகம். நீர் போய்விட, உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. கறியுப்புக்கு, அதாவது சோடியம் குளோரைட்டுக்கு, ஓர் எல்லை உண்டு. காற்றின் சார் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். அதற்குக் கீழே இறங்கினால் படிகமாகும். மாரியில் ஈரப்பதன் பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேலேயே நிற்பதால் உப்பு கரைசலாகவே இருக்கும், எதையும் தள்ளாது. கச்சான் அப்படியல்ல. மழையை மலைநாட்டிலேயே கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடாகி வரும் காற்று அது. பகலில் ஈரப்பதன் எல்லைக்குக் கீழே விழும், இரவில் மீண்டும் ஏறும். இப்படி நாளுக்கு ஒரு தடவை உப்பு படிகமாகிக் கரைகிறது. துளைக்குள் வளரும் படிகம் துளையின் சுவரைத் தள்ளுகிறது. வேகமாக உலரும் சுவரில் படிகமாகும் இடம் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி நகர்கிறது. வெளியே பூத்த உப்பைத் தூரிகையால் தட்டிவிடலாம். உள்ளே பூத்தால் பூச்சே பிளந்து விழும்.

ஆகவே மாரியில் ஒரு தடவையும் கச்சானில் ஒரு தடவையும் பார்க்காத ஆய்வை நாங்கள் முழு ஆய்வாக ஏற்பதில்லை.

ஆய்வு கூரையில் தொடங்குகிறது. 1 சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை என்பது 1 லீற்றர் நீர். 100 சதுர மீற்றர் கூரையில் ஒரு மாலைப் பொழுதில் 50 மில்லிமீற்றர் பெய்தால் 5,000 லீற்றர். கூரை ஓரத்து நீரை வடிக்கும் பீலி ஒரு மூட்டில் உடைந்திருந்தால் அதில் பெரும்பகுதி ஒரே மூலையில் கொட்டும், அந்த மூலையை எல்லாரும் நிலத்து ஈரம் என்பார்கள். மழை பெய்யும்போதே குடையோடு நின்று நீர் எங்கே விழுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்ப்பதற்கு ஈடான கருவி கிடையாது. முற்றத்து மட்டமும் முக்கியம். பல தடவை மண்ணும் கொங்கிறீட்டும் போட்டு உயர்த்திய முற்றம் உள்தரையைவிட உயரமாக இருப்பது இங்கே அடிக்கடி காணும் குறை.

பிறகு வரைபடம். தளப்படம் 1:50, யன்னல், நிலை போன்ற நுணுக்கங்கள் 1:20. அறையின் நான்கு பக்கங்களோடு இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். பழைய அறைகள் செங்கோணமாக இருப்பது அரிது. மூலைவிட்டம் இல்லாமல் வரைந்த படம் பொய் சொல்லும். ஒவ்வொரு சுவருக்கும் தனித்தாள் வைத்து, ஈரக்கோடு, உதிர்வு, வெடிப்பு, முந்திய ஒட்டுவேலை எல்லாவற்றையும் தரையிலிருந்து எத்தனை சென்ரிமீற்றர் என்று குறிக்க வேண்டும். கட்டடத்தின் வரலாறும் அந்தத் தாளில் வரவேண்டும். 1978 நவம்பர் சூறாவளியில் கூரை போனதா? பிறகு என்ன கூரை ஏறியது? 2004 சுனாமியில் கடல்நீர் உள்ளே வந்ததா? கல்லடி, நாவலடிப் பக்கம் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. கடல்நீர் குடித்த சுவரில், நிலத்திலிருந்து நீர் ஏறாவிட்டாலும் உப்பு இருக்கும்.

இனி ஈரத்தை அளப்பது. இரண்டு ஊசிகளைச் சுவரில் குத்தி இலக்கம் காட்டும் ஈரமானி மரத்துக்காகச் செய்யப்பட்டது. அது அளப்பது மின்தடை. உப்பு மின்னைக் கடத்துவதால், ஏறத்தாழக் காய்ந்த உப்புச் சுவரிலும் அது 'நனைவு' என்றே காட்டும். எந்த இடம் எந்த இடத்தைவிட மோசம் என்று ஒப்பிட மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். அந்த இலக்கத்தை நம்பி, ஈரத்தைத் தடுக்கவென்று சுவருக்குள் இரசாயனம் ஏற்றச் சொல்லும் அறிக்கையில் கையெழுத்து வைக்காதீர்கள்.

நம்பத்தக்கது துளைத்தூள் முறை. 9 மில்லிமீற்றர் துளைப்பான் அலகால் மெதுவாகத் துளைக்க வேண்டும். வேகமாகத் துளைத்தால் சூட்டில் ஈரம் பறந்துவிடும். முதல் 10 மில்லிமீற்றர்த் தூளை எறிந்துவிட்டு, 80 மில்லிமீற்றர் ஆழம் வரை வரும் தூளை உடனே மூடியுள்ள போத்தலில் அடைக்க வேண்டும். ஒரே நிரையில் 10, 30, 60, 90, 120, 150 சென்ரிமீற்றர் உயரங்களில் எடுப்பது வழக்கம். 0.01 கிராம் காட்டும் தராசில் முதலில் நிறுக்கவும். பிறகு, கரையாத உப்பு அடியில் தெரியும் செறிந்த உப்புக் கரைசல் வைத்த மூடிய பெட்டியில் நிறை மாறாத வரை வைக்கவும். அந்தப் பெட்டிக்குள் ஈரப்பதன் தானாகவே 75 வீதத்தில் நிற்கும். மறுபடி நிறுத்து, 105 பாகை செல்சியசில் அடுப்பில் உலர்த்தி மூன்றாவது தடவை நிறுக்கவும். ஜிப்சம் கலந்த பூச்சானால் 50 பாகையைத் தாண்டக் கூடாது. ஜிப்சத்தின் சொந்த நீரும் கழன்று கணக்கைக் கெடுத்துவிடும்.

5.00 கிராம் தூள் பெட்டியில் 4.80 ஆகவும் அடுப்புக்குப் பின் 4.60 ஆகவும் ஆனதென்று கொள்வோம். சுவரில் இருந்த ஈரம் 0.40 / 5.00, அதாவது 8 வீதம். உப்பு காற்றிலிருந்து மட்டுமே பிடித்துவைக்கக்கூடிய ஈரம் 0.20 / 4.80, ஏறத்தாழ 4.2 வீதம். மீதி வேறெங்கிருந்தோ வருகிறது. அந்த மீதி தரையருகே அதிகமாகி மேலே குறைந்தால் நிலத்திலிருந்து. நடுவில் திடீரெனக் கூடினால் குழாய், பீலி, யன்னல் விளிம்பு. இரண்டு இலக்கமும் சமமானால் நீர்வழி ஏற்கெனவே அடைபட்டுவிட்டது, எஞ்சியிருப்பது பழைய உப்பு மட்டும். மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு.

எந்த உப்பு என்பதும் தெரிய வேண்டும். தூளைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்கி வடிகட்டி, ஒரு துளி நைத்திரிக்கமிலம் விட்டு, வெள்ளி நைத்திரேற்றுத் துளி சேர்த்தால் குளோரைட்டு வெண்வீழ்படிவாகும். அமிலத்தை விட்டுவிட்டால் காபனேற்றும் வீழ்ந்து ஏமாற்றும். பேரியம் குளோரைட்டு சல்பேற்றைக் காட்டும். குளோரைட்டு கடலையும் வாவியையும், நைத்திரேற்று மலகூடக் குழியையும் மாட்டுத் தொழுவத்தையும், சல்பேற்று பெரும்பாலும் பிற்காலச் சீமெந்தையும் சுட்டும்.

பழைய சாந்தின் கலவையை அறிய, ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தில் சுண்ணாம்பைக் கரைத்து மிஞ்சும் மணலை நிறுப்பது பாடநூல் முறை. நமது கரையோரத்தில் அது தவறிப்போகும். சாந்தில் சிப்பித் துண்டும் முருகைத் தூளும் இருந்தால் அவையும் கல்சியம் காபனேற்றே. அமிலம் அவற்றையும் கரைத்துவிட, சுண்ணாம்பு இருந்ததைவிடப் பல மடங்காகத் தெரியும். முதலில் 10 மடங்கு உருப்பெருக்கும் வில்லையால் பாருங்கள். சிப்பி தெரிந்தால் மெல்லிய சீவலாக வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்க்கும் ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். மாதிரியும் ஒன்று போதாது. 1628இல் போர்த்துக்கீசர் எழுப்பி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்து, பின்னர் ஆங்கிலேயர் கைக்கு மாறி, அரச அலுவலகங்களும் இயங்கிய மட்டக்களப்புக் கோட்டை போன்ற இடத்தில் ஒவ்வொரு காலக் கட்டுவேலைக்கும் தனி மாதிரி வேண்டும்.

வெடிப்புக்கு அகலத்தை மட்டும் எழுதினால் போதாது, எந்தப் பக்கம் விரிகிறது என்றும் எழுதுங்கள். மேலே அகன்றால் சுவரின் ஓரம் இறங்குகிறது. கீழே அகன்றால் நடுப்பகுதி. இருபுறமும் ஆணி பதித்து, வேணியர் இடுக்கிமானியால் மாதம் ஒரு தடவை ஒரு வருடமாவது அளக்க வேண்டும். மரத்தில் பார்க்க வேண்டியது சுவருக்குள் புதைந்த வளைகளின் (கூரை தாங்கும் மரங்களின்) நுனிகள்: தட்டினால் பொள்ளல் ஒலி, குத்தூசி இலகுவில் இறங்குதல், 20 வீதத்துக்கு மேல் ஈரம், கறையான் மண்குழாய்.

இவ்வளவுக்கும் பிறகுதான் திருத்தம். முதலில் பீலி, வடிகால், முற்ற மட்டம். அடுத்தது சீமெந்துப் பூச்சை அகற்றுவது. சீமெந்து ஈரத்தை நிறுத்துவதில்லை. ஆவியாகும் வழியை அடைத்து ஈரத்தை இன்னும் மேலே ஏற்றுகிறது, தன் சல்பேற்றையும் சேர்த்துக் கொடுக்கிறது. அதன் இடத்தில் சுண்ணாம்புச் சாந்து பூச வேண்டும். முருகைக்கல் அகழ்வது சட்டப்படி தடை, ஆகவே முருகைச் சுண்ணாம்பு கேட்காதீர்கள். நன்கு நீற்றி, குறைந்தது மூன்று மாதம் நீருக்குள் ஊறிய சுண்ணாம்புக் களி போதும். கடல் மணலில் உப்பு இருப்பதால் கழுவிய ஆற்று மணல் வேண்டும். எவ்வளவு சுண்ணாம்பு என்பதை மணலே சொல்லும்: காய்ந்த மணலை ஒரு பாத்திரத்தில் நிரப்பி, மேல்மட்டம் வரை நீர் ஊற்றுங்கள். பிடித்த நீரின் கனவளவே வெற்றிடம், அதை நிரப்பும் அளவுக்குச் சுண்ணாம்பு. பெரும்பாலான மணலுக்கு 1:3 வரும்.

ஒரு பூச்சு 10 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. மாரி முடிந்து கச்சான் தொடங்குமுன், தை கடைசி முதல் சித்திரை வரை பூசுவது நல்லது. சுண்ணாம்பு இறுகுவதற்குக் காற்றின் காபனீரொட்சைட்டோடு ஈரமும் வேண்டும். கச்சானில் பூசினால் இறுகுமுன் காய்ந்து தூளாகும். நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரமாவது காக்க வேண்டும். உடைத்த ஓரத்தில், காரத்தில் நிறம் மாறும் பினோப்தலீன் துளி விட்டு இளஞ்சிவப்பானால் உள்ளே இன்னும் இறுகவில்லை, அடுத்த பூச்சுக்கு அவசரப்பட வேண்டாம்.

பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமானால் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி தொல்பொருளியல் திணைக்களத்தின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். துளைத்தூள் எடுப்பதையும் அந்த விண்ணப்பத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு துளையின் இடத்தையும் படத்தில் குறித்து, சுண்ணாம்புச் சாந்தால் அடைத்துவிடுங்கள். அடுத்த கச்சானில் அதே உயரங்களில், பழைய துளைக்கு ஒரு சாண் தள்ளி, மறுபடி தூள் எடுத்து நிறுக்க வேண்டும்.