ஃபார்மட் போடுவதற்கு முன் டம்ப் ஃபைலைப் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற யாரைக் கேட்டாலும் இந்தப் புகாரைச் சொல்வார்கள்: "வேலை பார்த்துக்கிட்டு இருக்கும்போதே திடீர்னு நீலக் கலர் வந்து ரீஸ்டார்ட் ஆயிடுது." கூடவே தீர்வும் வந்துவிடும்: "ஒரு ஃபார்மட் போட்டுக் கொடுத்துருங்க தம்பி." பல கடைகளில் மறுகேள்வி இல்லாமல் அதையே செய்தும் விடுகிறார்கள். கொஞ்ச நாளில் அதே மெஷின் அதே கோளாறோடு திரும்பி வருகிறது. டேலி டேட்டாவை ஏற்றி இறக்கி, பிரிண்டரை மறுபடி சேர்த்து, பழைய போட்டோக்களைத் தொலைத்து, மறுபடி முதலிலிருந்து. ஏன் விழுந்தேன் என்று அந்த மெஷினே எழுதி வைத்திருக்கும். ஃபார்மட் போட்டால் முதலில் போவது அந்தக் குறிப்புதான்.

அந்தக் குறிப்புக்குப் பெயர் டம்ப் ஃபைல். இனிமேல் ஓட முடியாது என்ற நிலை வரும்போது, விண்டோஸ் அந்த நொடியில் மெமரியில் (ரேமில்) இருந்ததை ஹார்ட் டிஸ்கில் கொட்டிவிட்டு நின்றுபோகும். எந்தக் காரணத்தைக் காட்டி நின்றது, அப்போது எந்த டிரைவர் (ஒரு கருவியை விண்டோஸோடு பேச வைக்கும் புரோகிராம்) ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு முன் எவை எவற்றைக் கூப்பிட்டன என்பதெல்லாம் அதில் இருக்கும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்று ஒரு ஃபோல்டர் உண்டு. ஒவ்வொரு தடவை விழும்போதும் தேதியைப் பெயராகக் கொண்டு அங்கே ஒரு சின்ன ஃபைல் சேரும். பெரிய டம்ப், மெமரி என்ற பெயரில் விண்டோஸ் ஃபோல்டரிலேயே இருக்கும். அடுத்த முறை விழும்போது பழையதன் மேலேயே எழுதப்பட்டுவிடும். அதனால் எங்களுக்கு அதிகம் உதவுவது சின்னவைதான். பல நாள் வரலாறு அவற்றில்தான் கிடைக்கிறது.

இங்கே வாடிக்கையாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. நீலத் திரையில் சதவீதம் ஏறிக்கொண்டிருக்கும்போது பலர் அவசரப்பட்டு பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுகிறார்கள். அந்தச் சதவீதம்தான் டம்ப் எழுதப்படும் நேரம். முதலில் அது சி டிரைவில் உள்ள பேஜ் ஃபைலில், அதாவது மெமரி போதாதபோது விண்டோஸ் டிஸ்கில் பயன்படுத்தும் ஃபைலில், எழுதப்படும். அடுத்து மெஷின் ஆன் ஆகும்போதுதான் தனி ஃபைலாக வெளியே எடுக்கப்படும். நடுவில் கரண்டை நிறுத்தினால் சாட்சி இல்லை. யாராவது 'ஸ்பீடு ஏத்தித் தர்றேன்' என்று பேஜ் ஃபைலை எடுத்துவிட்டிருந்தாலும் டம்ப் விழாது. குப்பையைச் சுத்தம் செய்கிற கிளீனர் புரோகிராம்கள் டம்ப் ஃபைல்களையும் குப்பையோடு கூட்டித் தள்ளிவிடும். ஆகவே, கோளாறு வந்த மெஷினில் கிளீனர் ஓட்டுவது கடைசி வேலையாக இருக்கட்டும்.

புதுவயல் பக்கம் ஓர் அரிசி மில்லில் பார்த்ததைச் சொல்கிறேன். எடைமேடைக்குப் பக்கத்து அறையில் ஒரு கம்ப்யூட்டர். நெல் லாரி மேடையில் ஏறி நின்றதும் எடை திரையில் வரும். ரசீது அடித்துக் கொடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து மெஷின் நீலமாகிவிடும். பின்னால் லாரிகள் வரிசையில் நிற்கும், டிரைவர்கள் சத்தம் போடுவார்கள். "ரெண்டு தடவை ஃபார்மட் போட்டாச்சு தம்பி, ரேம்கூட மாத்தியாச்சு" என்றார் மில்காரர். "அண்ணே, எதையும் தொட வேணாம், முதல்ல ஒரு ஃபோல்டரைக் காப்பி பண்ணிக்கிறேன்" என்று மினிடம்ப் ஃபோல்டரை மட்டும் பென்டிரைவில் எடுத்து வந்தேன்.

ஃபைல்களைத் தேதி வரிசையில் வைத்து ஒன்றாகத் திறந்து பார்த்தபோது கண்ணில் பட்டது இதுதான்: எல்லாவற்றிலும் ஒரே ஸ்டாப் கோட் (விண்டோஸ் எதனால் நின்றது என்பதைச் சொல்லும் எண்), டி1. அதாவது, ஒரு டிரைவர் தொடக்கூடாத நேரத்தில் தொடக்கூடாத மெமரியைத் தொட்டுவிட்டது. எல்லாவற்றிலும் ஒரே டிரைவரின் பெயர். எடைக்கருவியின் சீரியல் கேபிளை யுஎஸ்பியில் செருக வைக்கிற கன்வர்ட்டர் ஒயர் இருக்கிறதே, அதன் டிரைவர் அது. விவரத்தைத் திறந்து பார்த்தால் விண்டோஸ் 7 காலத்து டிரைவர்; மெஷினில் இருப்பதோ விண்டோஸ் 10. விழுந்த நேரங்கள் எல்லாமே எடை போடும் பகல் நேரங்கள். இரவு முழுக்க ஆனிலேயே கிடந்தும் ஒரு தடவைகூட விழவில்லை.

ஃபார்மட் ஏன் பலிக்கவில்லை என்பதும் இதிலேயே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு முறை ஃபார்மட் போட்டபின்பும், கன்வர்ட்டரோடு வந்த அதே சிடியிலிருந்து அதே டிரைவரைத்தான் ஏற்றியிருக்கிறார்கள். நோய் அந்தச் சிடியிலேயே உட்கார்ந்திருந்தது. வேறு சிப் உள்ள கன்வர்ட்டரை வாங்கிப் போட்டு, பழைய டிரைவரை வேரோடு எடுத்ததும் பிரச்சினை தீர்ந்தது. நல்ல ரேமை ஏற்கெனவே கழற்றித் தூக்கிப் போட்டிருந்தார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

டம்பைத் திறக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. புளூஸ்கிரீன்வியூ என்ற இலவசக் கருவி, எல்லா மினிடம்ப்களையும் ஒரே பட்டியலாகக் காட்டும். முதல் பார்வைக்கு அது போதும். ஆழமாகப் பார்க்க மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தரும் விண்டிபிஜி இருக்கிறது. அதில் டம்பைத் திறந்து அனலைஸ் கட்டளையைக் கொடுத்தால் காரணம், சந்தேகப்படும் ஃபைல், கூப்பிட்ட வரிசை எல்லாம் வரும். டம்பில் உள்ள முகவரிகளைப் பெயர்களாக மாற்ற உதவும் சிம்பல் ஃபைல்களை அது மைக்ரோசாஃப்ட் சர்வரிலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். முதல் தடவை நேரம் எடுக்கும். நெட் இல்லாமல் திறந்தால் தப்பான பெயரைக் காட்டவும் வாய்ப்பு உண்டு.

டம்பில் வரும் பெயரை அப்படியே குற்றவாளி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கற்றுக்கொள்ளும் பையன்கள் அதிகம் தடுக்குவது இங்கேதான். பல டம்ப்களில் விண்டோஸின் மையப் பகுதியான கர்னல் ஃபைல் பெயரே வரும். உடனே "விண்டோஸ் கரப்ட், ஃபார்மட்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? கர்னல், விழுந்த இடம் மட்டுமே. தள்ளிவிட்டது வேறொரு டிரைவராக இருக்கலாம், ரேமாகவும் இருக்கலாம். ஒற்றை டம்பை வைத்து நான் தீர்ப்புச் சொல்வதில்லை. மூன்று நான்கையாவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலைக் கடை வைத்திருக்கும் ஓர் ஆச்சியின் பில்லிங் மெஷின் அந்த மில் மெஷினுக்கு நேர்மாறு. ஒரு டம்பில் 1ஏ, அடுத்ததில் 50, இன்னொன்றில் 3பி. ஒரு நாள் கிராஃபிக்ஸ் டிரைவர் பெயர், மறுநாள் நெட்வொர்க் டிரைவர், அடுத்த நாள் ஆன்டிவைரஸ். இப்படி ஆளுக்கு ஆள் மாறி மாறிப் பழி விழுந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது ரேமைத்தான். ரேமில் ஒரு சின்ன இடம் கெட்டிருந்தால், அந்த நேரத்தில் அந்த இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் பெயரில் விழும். விசாரித்தால், "ஸ்லோவா இருக்குன்னு போன தீபாவளிக்கு முன்னாடி இன்னொரு ரேம் போட்டோம்ப்பா" என்றார் ஆச்சி. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் 86-ஐ பென்டிரைவிலிருந்து பூட் செய்து ராத்திரி முழுக்க ஓடவிட்டோம். இரண்டு ரேமும் சேர்ந்திருந்தபோது பிழை காட்டியது. பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றி, தனித்தனியே ஓட்டிப் பார்த்ததில் புதிதாகப் போட்டதுதான் கெட்டது என்று உறுதியானது. வாரன்டியில் மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுச் சோதித்துவிட்டு நிறுத்தினால் எது கெட்டது என்று தெரியாது. நேரம் ஆனாலும் தனித்தனியாகத்தான் ஓட்ட வேண்டும்.

சரி, டம்பே இல்லை என்றால்? அதுவும் ஒரு பதில்தான். மெஷினில் நடந்தவற்றை விண்டோஸ் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதிக்குப் போங்கள். கர்னல் பவர், எண் 41 என்று ஒரு பதிவு இருக்கும். மெஷின் முறைப்படி அணைக்கப்படவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். அதற்குள் பக்செக் கோட் என்ற இடத்தில் 0 இருந்தால், விண்டோஸுக்கு டம்ப் எழுதவே அவகாசம் கிடைக்கவில்லை: கரண்ட் போயிருக்கிறது, அல்லது மெஷின் அப்படியே உறைந்துபோயிருக்கிறது, அல்லது சூட்டில் தானாக அணைந்திருக்கிறது. 0 அல்லாத எண் இருந்தால் அது ஸ்டாப் கோடின் தசம வடிவம் (ஸ்டாப் கோடுகளை 16-ஐ அடிமானமாகக் கொண்ட ஹெக்ஸ் முறையில் எழுதுவார்கள்). 292 என்றால் 124. 209 என்றால் டி1.

நம் பக்கத்தில் இந்த 0 நிறையவே வருகிறது. மில்லில் பெரிய மோட்டாரை நேரடியாக ஸ்டார்ட் செய்யும்போது முழுச் சுமையில் இழுப்பதைப்போல 5 முதல் 7 மடங்கு கரண்ட் இழுக்கும்; அந்தக் கணம் வோல்டேஜ் தடுமாறும். பேட்டரி செத்த யுபிஎஸ் அதைத் தாங்காது. கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பெரிய வீடுகளில், முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரே பழைய ஒயரிங் ஓடுகிறது. எர்த் இருக்கிறதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அங்கே சிசிடிவி கம்ப்யூட்டர் நின்று நின்று ஓடினால் ஃபார்மட் என்ன செய்யும்? எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய இடத்தில் எங்களைக் கூப்பிடுகிறார்கள். எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்குள் இருக்கும் பவர் சப்ளை), யுபிஎஸ் பேட்டரி, எர்த், ஃபேனில் அடைத்த உமித் தூசு என்று இந்த வரிசையில் பார்த்துவிட்டு அப்புறம் சாஃப்ட்வேருக்கு வரலாம்.

124 கோட் வந்தால் அது ஹார்டுவேரே கொடுத்த புகார்: பிராசசர், மதர்போர்டு, வோல்டேஜ், சூடு. ரேமையோ பிராசசரையோ அளவுக்கு மீறி வேகப்படுத்தியிருந்தால் முதலில் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். 7ஏ வந்தால் டிஸ்கிலிருந்து படிக்க முடியவில்லை என்று பொருள். மற்ற வேலையை எல்லாம் நிறுத்திவிட்டு டேலி டேட்டாவை பேக்கப் எடுங்கள். நீலத் திரை வந்தும் சதவீதம் 0-விலேயே நின்று, டம்பும் விழவில்லை என்றால் எஸ்எஸ்டி டிஸ்கே கண்ணை மூடிக்கொள்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். அந்த மெஷினில் ஃபார்மட் போடுவது, மிச்சமிருக்கும் டேட்டாவையும் பறிகொடுக்கும் வழி.

2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க விமான நிலையங்கள், மருத்துவமனைகள் என்று நீலத் திரை பரவியது நினைவிருக்கும். சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் பாதிக்கப்பட்டன என்பது மைக்ரோசாஃப்ட்டின் கணக்கு. அவற்றின் டம்ப்களில் கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் டிரைவர் பெயர் தெளிவாக நின்றது. ஹார்டுவேரில் குறை இல்லை, விண்டோஸும் கெடவில்லை. அத்தியாவசியமானதை மட்டும் ஓடவிடும் சேஃப் மோடில் நுழைந்து ஒரு அப்டேட் ஃபைலை அழித்ததும் மெஷின்கள் எழுந்துகொண்டன.

உங்கள் மெஷினில் இன்றைக்கே இரண்டு அமைப்புகளைப் பார்த்து வையுங்கள். சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு, அதில் ஸ்டார்ட்டப் அண்ட் ரிகவரி. தானாக ரீஸ்டார்ட் ஆகும் டிக்கை எடுத்துவிட்டால் நீலத் திரை அப்படியே நிற்கும். சதவீதம் முடிந்ததும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். டம்ப் வகையில் ஆட்டோமேட்டிக் அல்லது ஸ்மால் இருக்கட்டும். டிரைவர் வெரிஃபையர் என்று ஒன்றைப் பற்றி யாராவது சொல்லியிருந்தால், தயவுசெய்து தெரியாமல் ஓட்ட வேண்டாம். சந்தேக டிரைவரை வேண்டுமென்றே நெருக்கி விழவைக்கும் கருவி அது. மெஷின் பூட் ஆகாமலே சுற்ற ஆரம்பித்துவிடலாம். பேக்கப்பும், பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரீஸ்டோர் பாயிண்டும் இல்லாமல் அதை நானே தொடுவதில்லை.

டம்பை யாருக்கு அனுப்புகிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். மினிடம்பில் இருப்பது கொஞ்சம்தான். முழு மெமரி டம்பில் அந்த நேரத்தில் திறந்திருந்த கணக்கு, கடிதம், பாஸ்வேர்டுகூட இருக்கலாம். அதை முகம் தெரியாதவர் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அப்புறம், போலி நீலத் திரை. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்க, வீடியோ காலுக்காகக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பெரியவர்கள் நம் ஊர்களில் அதிகம். பிரவுசரில் ஏதோ தொட்டதும் திரை முழுக்க நீலமாகி, சத்தம் போட்டு, 'உடனே இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்' என்று வரும். உண்மையான நீலத் திரையில் போன் நம்பர் வரவே வராது. மவுஸ் அசைகிறதா, கன்ட்ரோல் ஆல்ட் டெலிட் அழுத்தினால் மெனு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது வெறும் வெப் பக்கம். டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடிவிட்டு, திரும்பத் திறக்கும்போது பழைய பக்கங்களைத் திறக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த எண்ணுக்கு ஏற்கெனவே பேசி, அவர்கள் சொன்ன ரிமோட் ஆப்பையும் ஏற்றிவிட்டிருந்தால், முதலில் நெட் ஒயரைப் பிடுங்குங்கள். அடுத்த போன் பேங்குக்கு, அதற்கடுத்தது 1930 சைபர் உதவி எண்ணுக்கு. மெஷினைக் கடைக்கு எடுத்து வருவது அதற்கெல்லாம் பிறகு.