வராத பணத்தில் ஆடும் ஆட்டம்

கணக்குத் தணிக்கை என் தொழில். சில ஆண்டுகளாகக் கால்பந்து கிளப்புகளின் கணக்குகளும் என் மேசைக்கு வருகின்றன. பெரும்பாலும் கீழ்ப் பிரிவுகளில் ஆடும் சிறிய கிளப்புகள். அவற்றில் ஒன்றின் வங்கி அறிக்கையைப் புரட்டியபோது, ஆட்டமே இல்லாத மாதத்தில் பெரிய தொகை ஒன்று உள்ளே வந்திருந்தது. வரப்போகும் சீசனுக்காக ரசிகர்கள் முன்கூட்டியே கட்டிய டிக்கெட் பணம். பத்தே நாளில் அது அவ்வளவும் வெளியே போயிருந்தது. முடிந்துபோன சீசனின் சம்பள பாக்கி, வரி பாக்கி, பேருந்து வாடகை என்று கரைந்திருந்தது. சீசன் இன்னும் தொடங்கவே இல்லை, அதை நடத்த வேண்டிய பணம் தீர்ந்துவிட்டது.

ஆனால் லாப நட்டக் கணக்கில் அந்த ஆண்டு லாபம். அதில் பொய் ஒன்றும் இல்லை. நல்ல விலைக்கு ஓர் ஆட்டக்காரரை விற்றிருந்தார்கள். தொகை மூன்று தவணைகளில் வர வேண்டும், கையில் வந்தது ஒன்று மட்டும். ஏட்டில் மூன்றும் சேர்த்து எழுதப்பட்டிருந்தது, விதிப்படி அப்படித்தான் எழுத வேண்டும். அந்தக் கிளப்பில் பல வருடங்களாக உடுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவருக்கு இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை. "கணக்கில் லாபம் என்று இருக்கிறதாமே, அப்புறம் எனக்கு ஏன் சம்பளம் வரவில்லை?" என்று கேட்டார். இந்தக் கட்டுரை அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்தான்.

முதலில் ஆட்டக்காரரின் விலை ஏட்டில் எப்படி ஏறுகிறது என்று பார்ப்போம். 5 கோடி யூரோ கொடுத்து ஒருவரை வாங்கி ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டால், அந்த 5 கோடியும் முதல் ஆண்டின் செலவாகாது. ஆண்டுக்கு 1 கோடி என்று ஐந்தாகப் பிரித்து எழுதுவார்கள். மூன்றாண்டு கழித்து ஏட்டில் அவருடைய மதிப்பு 2 கோடி. அப்போது அவரை 3 கோடிக்கு விற்றால் 1 கோடி லாபம். ஆமாம், 5 கோடிக்கு வாங்கி 3 கோடிக்கு விற்றவர் பேரில் லாபம். அந்த லாபம் முழுவதும் விற்ற ஆண்டிலேயே பதிவாகும். கிளப்பின் சொந்தப் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த பையனுக்கு ஏட்டு மதிப்பு எதுவும் கிடையாது. அவனை விற்றால் வரும் தொகை மொத்தமும் லாபம். லீக் விதித்த நட்ட வரம்பை நெருங்கும் கிளப்புகள், ரசிகர்கள் கொண்டாடும் உள்ளூர்ப் பையனையே முதலில் விற்க ஆயத்தமாவது இதனால்தான். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. விதி நல்ல நோக்கத்தில் எழுதப்பட்டது. ஆனால் சொந்தப் பிள்ளையை விற்பவருக்குத்தான் அது அதிக மதிப்பெண் தருகிறது.

ஒப்பந்தத்தை நீட்டினால் ஆண்டுச் செலவு குறையும் என்பதும் இதிலிருந்தே பிறந்த வழி. 2023 ஜனவரியில் இங்கிலாந்தின் செல்சி கிளப், முட்ரிக், என்சோ ஃபெர்னாண்டஸ் என்ற ஆட்டக்காரர்கள் இருவருக்கும் எட்டரை ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது. அதன்பின் ஐரோப்பியக் கால்பந்தின் தலைமை அமைப்பான யூஃபா, ஒப்பந்தம் எத்தனை ஆண்டானாலும் விலையை ஐந்தாண்டுக்கு மேல் பிரித்து எழுதக் கூடாது என்றது. அதே ஆண்டு முடிவதற்குள் இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக்கும் அந்த வழிக்கு வந்தது.

2020இல் பார்சிலோனாவும் யுவென்டஸும் செய்துகொண்ட ஆட்டக்காரர் பரிமாற்றத்தையும் பாருங்கள். ஆர்தர் 7.2 கோடி யூரோ விலையில் யுவென்டஸுக்குப் போனார். பியானிச் 6 கோடி விலையில் பார்சிலோனாவுக்கு வந்தார். இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம் 1.2 கோடிதான். ஆனால் விற்ற ஆட்டக்காரரின் லாபம் இரண்டு கிளப்பின் ஏட்டிலும் பெரிய எண்ணாக ஏறியது. ஏட்டில் ஏறிய எண்ணைக் கொண்டு யாருக்கும் சம்பளம் கொடுக்க முடியாது. பெரியவருக்கு நான் சொன்னதும் இதுதான்.

இப்போது நான் முக்கியம் என்று நினைப்பதற்கு வருகிறேன். நட்டம் வந்ததும் ஒரு கிளப் சாவதில்லை. பல கிளப்புகள் ஆண்டுக்கணக்கில் நட்டத்திலேயே ஓடுகின்றன. இங்கிலாந்தின் இரண்டாம் பிரிவில், மொத்த வருமானத்தைவிடச் சம்பளச் செலவு மட்டுமே அதிகமாக இருந்த சீசன்கள் பல உண்டு. மேல் பிரிவுக்கு ஏறிவிட்டால் ஒளிபரப்புப் பணம் கொட்டும் என்ற எதிர்பார்ப்பில் செலவு செய்கிறார்கள். ஏறப்போவது மூன்று கிளப்புகள். மற்றவர்களும் அதே கணக்கில்தான் செலவு செய்திருப்பார்கள். ஒரு கிளப் சாவது, இன்னும் வராத பணத்தைச் செலவழித்த பிறகு அந்தப் பணம் வராமலே போகும் நாளில்.

இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். 2001இல் ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் அரையிறுதி வரை போன அணி. அடுத்த ஆண்டும் அதே போட்டியில் ஆடுவோம் என்று திட்டம் போட்டிருந்தார்கள். வருங்கால டிக்கெட் வசூலை ஈடாகக் காட்டி 6 கோடி பவுண்டு கடன் வாங்கினார்கள். அந்தப் போட்டிக்குத் தகுதி கிடைக்கவில்லை. 2002இல் ரியோ ஃபெர்டினாண்டை விற்றார்கள், பிறகு மற்றவர்களையும். 2004இல் பிரிவிறக்கம். அதே ஆண்டு எல்லண்ட் ரோடு மைதானத்தையும் விற்றார்கள். 2007இல் மூன்றாம் பிரிவுக்கு இறங்கி, நிர்வாகமும் கடன்தீர்ப்பு அதிகாரிகளின் கைக்குப் போனது. மைதானத்தை மறுபடி சொந்தமாக்கிக்கொள்ள 2017 வரை ஆயிற்று. களத்தில் அந்த அணி அப்படி ஒன்றும் மோசமாக ஆடிவிடவில்லை. கணக்கு போட்டதைவிட ஓரிரு இடம் கீழே முடித்தது, அவ்வளவுதான். ஓரிரு இடத்தில் ஒரு கிளப்பின் கதியே மாறும்படி திட்டம் போட்டதுதான் தவறு.

பெரிய கிளப் என்றால் தப்பிக்கும் என்று நினைக்க வேண்டாம். 2021 ஆகஸ்டில் பார்சிலோனாவின் தலைவர் லபோர்ட்டா, கடன் 135 கோடி யூரோ என்றும் சம்பளச் செலவு வருமானத்தில் 103 விழுக்காடு என்றும் வெளிப்படையாகச் சொன்னார். ஸ்பானிய லீக்கின் சம்பள வரம்புக்குள் இடம் இல்லாததால் மெஸ்ஸியைப் பதிவு செய்ய முடியவில்லை. அவர் அழுதுகொண்டே விடைபெற்றதை உலகமே பார்த்தது. அடுத்த ஆண்டு, லீக் ஒளிபரப்பு வருமானத்தில் தன் பங்கில் 25 விழுக்காட்டை 25 ஆண்டுகளுக்கு விற்றுப் பணம் திரட்டியது கிளப். விளையாத வயலின் அறுவடையை விற்பது மாதிரிதான். இன்று தொடக்கப்பள்ளியில் படிக்கும் ரசிகருக்கு முப்பது வயது நெருங்கும் வரை அந்தப் பங்கு கிளப்புக்கு வராது.

ஒளிபரப்புப் பணமும் உறுதியானது அல்ல. 2020இல் பிரெஞ்சு லீக் மீடியாப்ரோ நிறுவனத்தோடு ஆண்டுக்கு 80 கோடி யூரோவுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தைத் தொடங்கியது. சீசன் தொடங்கிச் சில வாரங்களில் தவணை நின்றது. ஆண்டு முடிவதற்குள் ஒப்பந்தமும் முடிந்தது. அந்தத் தொகையை நம்பிச் சம்பளம் பேசிய கிளப்புகள் கடனுக்கு ஓடின. ஆறு முறை பிரெஞ்சு சாம்பியனான போர்தோ, கடன் தாங்காமல் 2024இல் தொழில்முறை அந்தஸ்தையே விட்டு நான்காம் பிரிவுக்குப் போனது. அதன் வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இந்த அடி அவற்றில் ஒன்று.

உரிமையாளர் பணம் போடுகிறாரே என்று பலர் ஆறுதலாகச் சொல்வார்கள். நான் ஏட்டில் முதலில் தேடுவது, அந்தப் பணம் பங்காக வந்திருக்கிறதா, கடனாக வந்திருக்கிறதா என்பதைத்தான். பங்காகப் போட்டது கிளப்பில் தங்கும். கடனாகக் கொடுத்தது, அவர் மனம் மாறும் நாளில் கேட்கப்படும். செல்சிக்கு அதன் அப்போதைய ரஷ்ய உரிமையாளர் அப்ரமோவிச் கொடுத்தது 150 கோடி பவுண்டு அளவிலான கடன். 2022 மார்ச்சில் அவர் மீது பிரிட்டிஷ் அரசின் தடை விழுந்ததும், உலகப் பணக்காரக் கிளப்புகளில் ஒன்று புதிதாக டிக்கெட் விற்கக்கூட முடியாமல் அரசு தந்த தனி உரிமத்தில் நாளைத் தள்ளியது. கடனைத் திருப்பிக் கேட்கப் போவதில்லை என்று அவர் முன்பே அறிவித்திருந்தார், புதிய உரிமையாளரும் கிடைத்தார். சிறிய கிளப்புக்கு இப்படி வாய்க்காது. இங்கிலாந்தின் பரி கிளப்பைப் பாருங்கள். 1885இல் தொடங்கியது, எஃப்ஏ கோப்பையை இரண்டு முறை வென்றது. 2018 இறுதியில் 1 பவுண்டுக்குக் கை மாறியது. 2019 வசந்தத்தில், ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் வராமல் நின்ற நிலையிலேயே, நான்காம் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவுக்கு ஏறியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 27இல் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. கிக் லேன் மைதானம் அடமானத்தில் இருந்தது.

மைதானம் யார் பேரில் இருக்கிறது? ரசிகர்களிடம் நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி இது. மைதானம் கிளப்பின் பேரில், கடன் இல்லாமல் இருந்தால், எவ்வளவு மோசமான ஆண்டுக்குப் பிறகும் எழுந்திருக்க ஓர் இடம் இருக்கும். உரிமையாளரின் வேறொரு நிறுவனத்தின் பேருக்கு மாற்றப்பட்டிருந்தால், கிளப் தன் வீட்டிலேயே வாடகைக்குக் குடியிருக்கிறது என்று பொருள். ஜெர்மனியின் பொருசியா டார்ட்மண்ட் 2000இல் பங்குச் சந்தைக்குப் போய்த் திரட்டிய பணத்தையும் செலவழித்துவிட்டு மைதானத்தையும் விற்றது. 2005 மார்ச்சில், மைதானத்தை வைத்திருந்த நிதியத்தின் முதலீட்டாளர்கள் டியூசல்டார்ஃப் விமான நிலையத்தில் கூடி, வாடகையைத் தள்ளிவைக்க வாக்களித்ததால்தான் கிளப் பிழைத்தது. ஆறாண்டு கழித்து அதே கிளப் ஜெர்மன் சாம்பியன். உறுப்பினர்களுக்குப் பாதிக்கு மேல் வாக்குரிமை தரும் ஜெர்மன் விதியை நான் ஆதரிக்கிறேன். ஆனால் அந்த விதி இருந்தும் டார்ட்மண்டுக்கு இது நடந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

கட்டுப்பாட்டு விதிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. பிரீமியர் லீக்கில் 2025-26 சீசன் வரை மூன்றாண்டு நட்டத்துக்கு 10.5 கோடி பவுண்டு வரம்பு. அதை மீறியதற்காக எவர்ட்டனுக்கு 2023இல் 10 புள்ளிகள் கழிக்கப்பட்டன, மேல்முறையீட்டில் அது 6 ஆனது. யூஃபா, அணிக்கான செலவு வருமானத்தில் 70 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. நல்லதுதான். ஆனால் இவை பார்ப்பது லாப நட்டத்தையும் விகிதத்தையும். அடுத்த மாதச் சம்பளத்துக்குக் கையில் ரொக்கம் இருக்கிறதா என்று மாதா மாதம் பார்க்க கிளப்புக்குள் ஒருவர் இருக்க வேண்டும்.

கிளப் விழும்போது அடிபடுவது யார்? இங்கிலாந்தில், மற்ற கிளப்புகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் உள்ள பாக்கியை முழுதாகத் தீர்த்தால்தான் லீக்கில் தொடர முடியும். மற்றவர்களுக்கு மிச்சம் மீதி. 2010இல் போர்ட்ஸ்மத் விழுந்தபோது கடன் பட்டியலில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் இருந்தது. ஆட்ட நாளில் முதலுதவி செய்ய வரும் தொண்டு அமைப்பு அது, பாக்கி 2,700 பவுண்டு அளவில். இந்த முன்னுரிமையை எதிர்த்து வரித்துறை நீதிமன்றம் போய் 2012இல் தோற்றது. லீக் நிலைகுலையாமல் இருக்க இந்த விதி வேண்டும் என்ற வாதம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும், கோடிகளில் விலை பேசியவர்களுக்கு முழுத் தொகையும், மைதான ஓரத்தில் கட்டுப்போட வந்தவர்களுக்குப் பைசாக் கணக்கும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கடைசியாக, சிறிய கிளப்பை நடத்துபவர்களுக்கு ஒன்று. வராத பணத்தைச் செலவழிக்காதீர்கள் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். வர வேண்டிய பணத்தைக் கேட்காமல் விடுவதையும் நான் நிறையப் பார்க்கிறேன். ஒப்பந்தத்தில் இருக்கும் ஆட்டக்காரர் விலைக்கு வேறு நாட்டுக் கிளப்புக்குப் போகும்போது, அந்த விலையில் 5 விழுக்காடு, அவரை 12 வயதிலிருந்து 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பகிரப்பட வேண்டும். இது உலகக் கால்பந்தின் தலைமை அமைப்பான ஃபிஃபாவின் விதி. 12 முதல் 15 வரையான நான்கு சீசன்களும் உங்களிடம் ஆடியிருந்தால் விலையில் 1 விழுக்காடு உங்களுடையது. 1 கோடி யூரோ விலைக்கு 1 லட்சம் யூரோ. சிறிய கிளப்புக்கு அது ஓராண்டை ஓட்டித்தரும் தொகை. முதல் முறை விற்கும்போது மட்டும் அல்ல, அவர் பிறகு ஒவ்வொரு முறை இப்படி மாறும்போதும் வரும்.

நான் பார்த்த ஒரு கிளப்புக்கு அப்படி உரிமை இருந்தது. பையன் அவர்களிடம் மூன்று சீசன் ஆடியது ஊருக்கே தெரியும். பதிவுத்தாள் இல்லை. செயலாளர் மாறியபோது அட்டைப்பெட்டியோடு போய்விட்டது. குழுப் படங்கள் இருந்தன, ஆனால் படத்தை வைத்துப் பணம் கேட்க முடியாது. ஆகவே ஒவ்வொரு பையனும் எந்தத் தேதியில் சேர்ந்தான், எந்தத் தேதியில் விலகினான் என்று கால்பந்துச் சங்கத்தில் பதிந்து, அதன் நகலைக் கிளப்பில் ஒன்றும் வெளியே ஒன்றுமாக வையுங்கள். பத்து வயதுப் பையன்களுக்கும் சேர்த்து, இந்த சீசனிலிருந்தே.