பல்லிடுக்குக்கு ஒரு முழம் நூல்

ஆம்பூர் பிரியாணி சாப்பிட்டு எழுந்தால் கடைவாயில் கறி நார் சிக்காமல் இருக்காது. தீக்குச்சியோ ஊக்கோ எடுத்துக் குத்தி, நார் வந்ததும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். குத்தியதில் ஈறுதான் கிழிகிறது. ஈறைக் கெடுக்கும் பாக்டீரியாப் படலம் பல்லின் பக்கச் சுவரில் அப்படியே ஒட்டியிருக்கிறது.

பல் துலக்கிய சில நிமிடங்களிலேயே எச்சிலில் உள்ள புரதம் எனாமல்மீது மெல்லப் படியும். அதன்மேல் பாக்டீரியாக்கள் ஒட்டிப் பெருகும். நாம் தின்னும் இனிப்பை அவை அமிலமாக்குவதால் பல் சொத்தையாகிறது. துடைக்காமல் விட்டால் எச்சிலின் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து, ஓரிரு நாளிலேயே படலம் காரையாக இறுகத் தொடங்கும். இறுகிய காரையைப் பல் டாக்டர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். தினமும் ஒரு தடவை பல்லிடுக்கை நூலால் வழிக்கச் சொல்வது இதனால்தான்.

'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்றார்கள். ஆனால் ஆலங்குச்சியும் சரி, பிரஷ்ஷும் சரி, இரண்டு பற்கள் ஒட்டி நிற்கும் இடத்துக்குள் போகாது. அங்கே நூல்தான் போகும். மருந்துக்கடையில் 'டென்டல் ஃப்ளாஸ்' என்று கேளுங்கள். தையல் நூல் வேண்டாம், ஈறை அறுத்துவிடும்.

பூக்காரம்மா அளப்பதுபோல ஒரு முழம், அதாவது 45 செ.மீ. நூல் எடுத்து, இரண்டு நடுவிரல்களிலும் சுற்றி, நடுவில் 2 அல்லது 3 செ.மீ. மட்டும் விட்டு இறுக்கிப் பிடியுங்கள். முன்னும் பின்னும் மெல்ல அசைத்தபடி இடுக்கில் இறக்குங்கள். சடக்கென்று அழுத்தினால் ஈறு வெட்டுப்படும். இறங்கியதும் நூலை ஒரு பல்லின்மேல் அணைத்தாற்போல் வளைத்து, ஈறின் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை நழுவவிடுங்கள். நல்ல ஈறிலும் அங்கே 1 முதல் 3 மி.மீ. பள்ளம் இருக்கும். படலம் ஒளிந்திருப்பது அதில்தான். மேலும் கீழுமாக நாலைந்து தடவை வழித்துவிட்டு, அதே இடுக்கில் பக்கத்துப் பல்லையும் அப்படியே வழியுங்கள். பலரும் விட்டுவிடுவது இந்த இரண்டாவது பல்லைத்தான். அடுத்த இடுக்குக்கு நூலின் புதுப் பகுதி. கடைசிப் பல்லின் பின்பக்கத்தையும் மறக்காதீர்கள்.

முதல் சில நாள் ரத்தம் கசியலாம். பயந்து நிறுத்திவிடாதீர்கள், பெரும்பாலும் அது ஏற்கெனவே வீங்கிப்போன ஈறு. விடாமல் செய்தால் ஓரிரு வாரத்தில் கசிவு குறையும். குறையாவிட்டால், அல்லது நூல் எப்போதும் ஒரே இடத்தில் பிய்ந்தால், பல் டாக்டரிடம் காட்டுங்கள். அங்கே காரையோ சொத்தையோ இருக்கலாம். சர்க்கரை நோயாளிகள் தள்ளிப்போடவே கூடாது. ஈறு நோய் சர்க்கரையை ஏற்றும், ஏறிய சர்க்கரை ஈறை இன்னும் கெடுக்கும்.

இடைவெளி அகன்ற பற்களுக்கு நூலைவிட, இடுக்கில் நுழையும் குட்டி பிரஷ்ஷான 'இடுக்குப் பிரஷ்' நன்றாக வேலை செய்யும். எதுவானாலும் இரவில் படுக்கும் முன் செய்யுங்கள். தூக்கத்தில் எச்சில் குறைவதால் வாய் தன்னைத்தானே கழுவிக்கொள்ளாத நேரம் அது.