50 ஓம் லோடு: மதிப்பை விட ரெசிஸ்டரின் காலைப் பாருங்கள்

பொள்ளாச்சித் தோப்புகளில் மோட்டாரை ஓட்டும் லோரா (தொலைதூர ரேடியோ) கருவிகளுக்கு ஆன்டெனா சரிபார்ப்பது என் வேலைகளில் ஒன்று. 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை. கோவையில் கல்லூரிப் பசங்களும் சின்னப் பட்டறைக்காரர்களும் நானோவிஎன்ஏ என்ற சின்ன ஆன்டெனா அனலைசரை வைத்துக்கொண்டு இதே வேலையைச் செய்கிறார்கள். கூட வந்த கேலிப்ரேஷன் லோடு, அதாவது அனலைசரின் அளவைச் சரிசெய்ய மாட்டும் 50 ஓம் முனை, தொலைந்துவிட்டால் கையால் ஒன்று செய்துகொள்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம். கோட்டை விடுவது ரெசிஸ்டரில்தான்.

கடையில் 50 ஓம் கேட்டால் "51 தானுங்க இருக்கு" என்பார்கள். அதற்கு முகம் வாடுகிறவர்கள், ரெசிஸ்டரின் கால் (இரு முனையிலும் நீளும் கம்பி) நீளத்தைக் கண்டுகொள்வதே இல்லை. சுத்தமான 51 ஓம் என்றால் ரிட்டர்ன் லாஸ் (அனுப்பிய சிக்னலைவிடத் திரும்பி வருவது எவ்வளவு குறைவு என்பது; கூடினால் நல்லது) 40 டெசிபெல். ஆன்டெனா வேலைக்கு அது போதும். கால் வைத்த ரெசிஸ்டரிலோ கம்பி ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் சுமார் 1 நானோஹென்றி இன்டக்டன்ஸ் (சுருளின் குணம்) சேர்க்கும். இருபுறமும் 5 மில்லிமீட்டர் விட்டால் 10 நானோஹென்றி. 866 மெகாஹெர்ட்ஸில் அது 54 ஓம் ரியாக்டன்ஸ், அதாவது அந்த அதிர்வெண்ணில் கூடுதல் தடை. ரிட்டர்ன் லாஸ் 7 டெசிபெல்கூடத் தேறாது. மல்டிமீட்டர் மட்டும் 50 என்றே காட்டிக்கொண்டிருக்கும். வயர்வவுண்ட் பக்கம் போகவே வேண்டாம், அது முழுக்கச் சுருள்தான்.

அனலைசரும் இதைக் காட்டிக்கொடுக்காது. நீங்கள் மாட்டியதையே 50 ஓம் என்று நம்பித்தான் அது கணக்குப் போடுகிறது. கேலிப்ரேஷன் முடிந்ததும் அதே லோடை அளந்துவிட்டு "அருமையா வருதுங்க" என்பது, திருடனையே சாட்சிக்கு அழைப்பது போல.

சரி, எதை வாங்குவது? 0603 அல்லது 0805 அளவில், 1 சதவீத 100 ஓம் சிப் ரெசிஸ்டர் (காலே இல்லாதது) இரண்டு. தின் ஃபிலிம் கிடைத்தால் நல்லது. எஸ்எம்ஏ கனெக்டரின் நடு ஊசியைக் குட்டையாக வெட்டி, அதன் இரு பக்கமும் ஒவ்வொன்றாக வைத்து நேரே கிரவுண்டில் ஈயம் பற்றவையுங்கள். இரண்டும் இணையாக நிற்பதால் 50 ஓம் கிடைக்கும்; மிச்சமிருக்கும் இன்டக்டன்ஸும் ஏறக்குறைய பாதியாகும். எழுத்தைக் கவனித்து வாங்குங்கள்: 101, 1000, 01A மூன்றும் 100 ஓம். வெறும் 100 என்று அச்சிட்டிருந்தால் அது 10 ஓம்! அப்புறம் லோடு 5 ஓமில் நிற்கும்.

சோதிக்க, இந்த லோடால் கேலிப்ரேஷன் செய்தபின், அனலைசரில் நல்ல 10 டெசிபெல் அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் துண்டு) ஒன்றை மாட்டி மறுமுனையைத் திறந்தே விடுங்கள். போகும்போது 10, திரும்பும்போது 10 என ரிட்டர்ன் லாஸ் 20 டெசிபெல்லை ஒட்டி வரவேண்டும். அதிர்வெண் ஏற ஏற விலகிக்கொண்டே போனால், ஆன்டெனாவில் கை வைக்கும் முன் லோடைக் கழற்றிப் பாருங்கள்.