'அங்கிள்' என்ற சொல் நின்றுபோன பிறகு

"அவரை நீங்க என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. வயது 24. கவின்கலை படித்தவள், நகக்கண்ணில் கரித்தூள் ஒட்டியிருந்தது. அவருக்கு 45. அவள் அப்பாவின் இருபது வருட நண்பர், விவாகரத்தானவர், இப்போது அவளுடைய காதலர். "சின்ன வயசுலேர்ந்து அங்கிள்தான் மேடம். இப்ப எதுவும் சொல்றதில்ல. 'இங்க பாருங்க'ன்னு ஆரம்பிச்சிடுவேன்" என்றாள்.

(அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதலாம் என்று அவளே சொன்னாள்.)

என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்கள் வயது வித்தியாசத்தைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். எனக்கு அதைவிடக் கவலை தருவது இந்த முறை வைத்துக் கூப்பிடும் பழக்கம். அப்பாவின் நண்பர் நம் வீடுகளில் மாமாவாகவோ சித்தப்பாவாகவோ ஆகிவிடுகிறார். அடுப்படி வரை வருவார், மார்க் ஷீட்டை வாங்கிப் பார்ப்பார், "அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அம்மாவும் சொல்வாள். காதல் வந்ததும் அந்தச் சொல் உதிர்ந்துவிடுகிறது. அது கொடுத்த செல்வாக்கு உதிர்வதில்லை. எதிர்த்துப் பேசிப் பழகாத ஒருவரோடு திடீரென்று சரிசமமாகப் பழகுவது எவ்வளவு கஷ்டம்!

எப்போது ஆரம்பித்தது என்று கட்டாயம் கேட்பேன். 18 வயதுக்கு முன்பே ரகசியப் பேச்சும் பரிசும் "அப்பாகிட்ட சொல்லாத" என்பதும் இருந்திருந்தால் அதைக் காதல் கணக்கில் நான் சேர்ப்பதில்லை. அது குழந்தையைப் பழக்கி வசப்படுத்துவது. பாலியல் எண்ணத்தோடு நெருங்கியிருந்தால் 2012-ன் போக்சோ சட்டம் பாயும், குழந்தை 'சம்மதித்தது' என்ற வாதம் அங்கே எடுபடாது. இவள் விஷயத்தில் அப்படி இல்லை. கல்லூரிக் கடைசி வருடக் கண்காட்சியில், அவளுக்கு 22 வயதானபோதுதான், பேச்சு வேறு திசைக்குத் திரும்பியிருக்கிறது.

ஆனால் கலைஞர்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. படிப்பு முடிந்த மறுமாதமே சம்பளம் வராது. கேன்வாஸ், ஃபிரேம், கண்காட்சிக்கு ஹால் வாடகை, எல்லாம் கைக்காசு. முதல் ஓவியத்தை வாங்குகிறவர் பெரும்பாலும் தெரிந்தவராகத்தான் இருப்பார். இவளுடைய மூன்று ஓவியங்களை அவர்தான் வாங்கியிருந்தார். வரைவதற்குத் தன் வீட்டு மாடி அறையையும் கொடுத்திருந்தார்.

"நாளைக்கே இந்த உறவு முடிஞ்சா, நாளன்னைக்கு எங்க உட்கார்ந்து வரைவீங்க?"

அவள் பதில் பேசவில்லை. பையைத் துழாவி ஒரு சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மாடி அறைச் சாவி.

1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் மற்ற ஓவியர்களும் சென்னைக்கு அருகே சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை உருவாக்கியபோது, பாத்திக் (மெழுகு வைத்துச் சாயமேற்றிய துணி) போன்ற கைவினைப் பொருட்களை விற்ற காசில்தான் நிலம் வாங்கினார்கள். சொந்தமாக ஒரு இடம் இருந்தால்தான் பிடித்ததை வரைய முடியும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கதையை அவளிடம் சொன்னேன். அவரை விட்டுவிடு என்று சொல்லவில்லை, அது என் வேலையும் இல்லை.

இரண்டு சீனியர்களோடு சேர்ந்து ஒரு அறையை வாடகைக்கு எடுத்தாள். சனி, ஞாயிறு குழந்தைகளுக்கு ஓவிய வகுப்பு. செய்தி கேட்டதும் அவர், "உனக்கு நான் என்ன குறை வெச்சேன்?" என்று ஒரு வாரம் பேசாமல் இருந்தார். அந்த ஒரு வாரத்தைக் கூர்ந்து கவனிக்கச் சொன்னேன். நாம் 'வேண்டாம்' என்று சொன்ன பிறகு ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பது எந்தப் பரிசையும்விட அதிகம் சொல்லும். கெஞ்சல், மிரட்டல், செய்ததைச் சொல்லிக்காட்டுவது என்று போயிருந்தால் என் ஆலோசனை வேறாக இருந்திருக்கும். எட்டாம் நாள் அவரே வண்டி பிடித்து வந்து, அவள் கேன்வாஸ் வைத்து வரையும் ஸ்டாண்டைப் புது அறையில் இறக்கி வைத்திருக்கிறார்.

பெற்றோருக்கு ஒன்று. ஃபோனைப் பிடுங்குவது, அறையில் பூட்டுவது, அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பது, மூன்றுமே பிள்ளையை அவர் பக்கமே தள்ளும். வேறு போக்கிடம் இல்லாமல் போகிறதல்லவா? சட்டமும் உங்கள் பக்கம் நிற்காது. வயது வந்தவர் தன் துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை, அப்பா எதிர்த்த திருமணம் பற்றிய ஹாதியா வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது. வீட்டில் பேச்சு முறிந்துவிட்டால் 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலேயே பேசலாம். அடி, மிரட்டல் என்று போனால் பெண்களுக்கு 181 உதவி எண் இருக்கிறது.

அவள் அப்பாவையும் ஒருமுறை சந்தித்தேன். மகள் தானாகவே அவரிடம் சொல்லிவிட்டிருந்தாள். வயதைப் பற்றி, ஊர் பேசுவதைப் பற்றி எல்லாம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மனிதர் கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை தவறாம வருவான் மேடம். ரெண்டு வருஷமா என் எதிர்ல உட்கார்ந்து காபி குடிச்சிருக்கான். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

இதற்கு அவள் பதில் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வாரம் அந்த நண்பரை வரச் சொல்லியிருக்கிறேன்.