கல்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

"கிட்னிக் கல் வெளியே வந்துடுச்சு டாக்டர்!" என்று சிரித்தபடி வருபவரிடம், "எங்கே அது?" என்றுதான் முதலில் கேட்பேன். "டாய்லெட்லயே போயிடுச்சே..." என்பார். வலி விட்ட நிம்மதியில் கடுகளவு கல்லைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? எனக்குத்தான் மனசு கேட்காது. அடுத்த கல்லைத் தடுக்கும் வழி அதற்குள்தான் இருந்தது.

பத்தில் எட்டுக் கற்கள் கால்சியம் கற்கள். அவற்றிலும் கால்சியம் ஆக்சலேட்தான் அதிகம். மற்றவற்றில் எனக்குப் பிடித்தது யூரிக் அமிலக் கல். ஏனென்றால் அது கரையும்! சிறுநீரின் பிஎச் அளவு (எண் குறையக் குறைய அமிலத்தன்மை அதிகம்) 5.5-க்குக் கீழேயே இருப்பவர்களுக்கு இது உருவாகும். பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்து அந்த அளவை 6.5 முதல் 7-க்குள் வைத்திருந்தால், சில வாரங்களிலோ மாதங்களிலோ பல கற்கள் கரைந்துவிடும். கத்தியும் வேண்டாம், லேசரும் வேண்டாம்.

சிக்கல் என்னவென்றால், இந்தக் கல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, வாயுத் தொல்லைதான்" என்று வேறிடத்தில் அனுப்பிவைக்கப்பட்ட ஒருவர் என்னிடம் வந்தார். சி.டி. ஸ்கேனில் பளிச்சென்று 12 மில்லிமீட்டர் கல். அடர்த்தி சுமார் 400 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு (சி.டி. ஸ்கேனில் அடர்த்தியை அளக்கும் அலகு). சிறுநீரின் பிஎச் 5. இரண்டுமே யூரிக் அமிலக் கல்லைத்தான் காட்டின. மூன்று மாத மருந்தில் கல் காணாமல் போனது. இதைப் படித்துவிட்டு நீங்களே மருந்து வாங்கிச் சாப்பிடாதீர்கள். பிஎச் எல்லை மீறினால் கால்சியம் பாஸ்பேட் படியும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் ஆபத்து.

அடர்த்தி 1000 அலகைத் தாண்டினால் அதிர்வலை சிகிச்சையில் கல் சரியாக உடையாமல் போக வாய்ப்பு அதிகம்; அப்போது பெரும்பாலும் லேசர் பக்கம் போவோம். கிருமித் தொற்றால் வரும் ஸ்ட்ரூவைட் கல் வேறு ரகம். கிருமி கல்லுக்குள்ளேயே குடியிருப்பதால், ஒரு துணுக்கு மிஞ்சினாலும் மறுபடி வளரும். முழுசாக எடுத்தே ஆக வேண்டும்.

ஸ்கேன் சொல்வது ஊகம்தான். உறுதியாகச் சொல்வது ஆய்வகத்தின் அகச்சிவப்புக் கதிர்ச் சோதனை. அதற்குக் கல் வேண்டுமே! வலி வந்த நாளிலிருந்து சிறுநீரை மெல்லிய வலையில் வடிகட்டுங்கள். கிடைத்த கல்லைக் கழுவி, காயவைத்து, ஈரமில்லாத டப்பாவில் போடுங்கள். டேப் ஒட்டாதீர்கள், பசை சோதனையைக் கெடுக்கும். அறுவை சிகிச்சை என்றால், துணுக்குகளைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

பதினேழு வயதிலிருந்து கல்லோடு போராடிய ஒரு இளைஞர் இருந்தார். அதிர்வலை மூன்று முறை கொடுத்தும் கல் அசையவில்லை. ஒருநாள் தானாக விழுந்த துணுக்கைக் காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்தார். சோதித்தால் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தால் ஆன கல். பரம்பரையாக வருவது, லேசில் உடையாதது. அப்புறம் அவருடைய தம்பியையும் வரச் சொன்னோம். ஒரு தொந்தரவும் இல்லாத அந்தப் பையனின் சிறுநீரிலும், நுண்ணோக்கியில் சிஸ்டீனுக்கே உரிய அறுகோணப் படிகங்கள்.