ரீஃபேக்டரிங்னா மறுசீரமைப்பு இல்லீங்க, பிரித்துவேய்தல்

போன வாரம் கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தன் போன் பண்ணான். "அண்ணா, ஷெல்லோட புது வெர்ஷன் வந்திருக்கு, குறிப்புல 'உள்ளமைந்த கட்டளைகள் மறுசீரமைக்கப்பட்டுள்ளன'னு போட்டிருக்காங்க, நம்ம ஸ்கிரிப்ட் எல்லாத்தையும் மாத்தணுமா?"ன்னு பதறிப்போய் கேட்டான். (ஷெல்ங்கிறது நாம டைப் பண்ற கட்டளைகளை வாங்கி ஓட்டுற புரோகிராம், ஸ்கிரிப்ட்ங்கிறது அந்தக் கட்டளைகளை வரிசையா எழுதி வச்ச ஃபைல்.) இங்கிலீஷ் மூலத்தை எடுத்துப் பாத்தா பில்ட்-இன் கமாண்டுகளோட, அதாவது ஷெல்லுக்குள்ளயே இருக்கிற கட்டளைகளோட, கோடை (புரோகிராம் வரிகளை) ரீஃபேக்டர் பண்ணிருக்காங்க, அவ்ளோதான். ஒரு ஸ்கிரிப்டையும் தொட வேண்டியதில்ல. ரீஃபேக்டர்ங்கிற சொல்லோட உயிரே "உனக்குத் தெரியுற மாதிரி ஒண்ணும் மாறல"ங்கிறதுதான், தமிழுக்கு வரும்போது அது அப்படியே தலைகீழாயிடுச்சு. ரீஃபேக்டரிங்குக்கு மறுசீரமைப்புன்னு போடறதை எத்தனையோ தடவை பாத்துட்டு சும்மா போயிருக்கேன், இந்தத் தடவை எழுதிடறேன்.

மூலச்சொல்லைப் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். லத்தீன்ல 'செய்'ங்கிற வினையிலேருந்து வந்தது ஃபேக்டர், கணக்குல நாம காரணின்னு படிச்சது. ஒரு கோவையில பொதுவா இருக்கிறதை வெளிய எடுத்து அடைப்புக்கு முன்னாடி எழுதுவோம்ல, அதே எண்ணத்தை 1980கள்ல ஃபோர்த்ங்கிற புரோகிராமிங் மொழிக்காரங்க கோடுக்கும் வச்சு ஃபேக்டரிங்னு சொன்னாங்க. 1992ல இல்லினாய் பல்கலைக்கழகத்துல வில்லியம் ஓப்டைக் ரீஃபேக்டரிங்ல முனைவர் பட்டம் வாங்கினார், 1999ல மார்ட்டின் ஃபவுலரோட புத்தகம் வந்தப்புறம் ஊரெல்லாம் பரவிடுச்சு. பொருள் இதுதான்: வெளிய தெரியுற நடத்தை மாறாம உள்கட்டமைப்பை மட்டும் சீராக்குறது.

இப்ப மறுசீரமைப்பை எடுத்துக்குவோம். இந்தச் சொல்லை நாம எங்கெல்லாம் கேட்டு வளந்தோம்? மாநில மறுசீரமைப்பு. 1956ல அது நடந்தப்ப கன்னியாகுமரி சென்னை மாநிலத்தோட சேந்துச்சு, தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவுல நின்னுடுச்சு. எல்லைக்கோடே மாறுச்சு. அப்புறம் கடன் மறுசீரமைப்பு. இலங்கையில 2022க்குப் பிறகு தினம் பேப்பர்ல வந்த சொல், அதுல வட்டியும் தவணையும் மாறும். தொகுதி மறுசீரமைப்புன்னா யார் எந்தத் தொகுதியில ஓட்டுப் போடறாங்கங்கிறதே மாறும். அப்ப இந்தச் சொல்லைக் கேட்ட உடனே ஒரு தமிழ்க்காதுக்கு "வெளிய ஏதோ மாறப்போகுது, நமக்கு என்ன ஆகும்"னுதான் தோணும், அந்தத் தம்பி பயந்ததுல தப்பே இல்ல.

நான் சொந்தமா ஒரு குட்டி ஷெல் எழுதி வச்சிருக்கேன், படிக்கிறதுக்காக. அதுல சிடி (டைரக்டரி மாத்த), பிடபிள்யூடி (எந்த டைரக்டரியில இருக்கோம்னு காட்ட), எக்கோ (கொடுத்த எழுத்தைத் திரையில போட) மூணுலயும் ஆப்ஷன் (கமாண்டுக்குப் பின்னாடி மைனஸ் போட்டுக் கொடுக்கிறது) படிக்கிற லூப்பை நானே மூணு தடவை காப்பி அடிச்சு வச்சிருந்தேன். பரவலா புழங்குற பாஷ் ஷெல்லோட சோர்ஸைப் பாத்தா ஒவ்வொரு பில்ட்-இன்னும் தனித்தனி டெஃப் ஃபைல்ல இருக்கும், தப்பான ஆப்ஷன் வந்தா எரர் சொல்றது மாதிரி பொதுவான வேலையெல்லாம் காமன்.சி-ங்கிற ஒரே ஃபைல்ல ஃபங்ஷனா கிடக்கும். அதைப் பாத்து நானும் மூணு லூப்பையும் ஒரே ஃபங்ஷனாக்கினேன், நூறு வரி போச்சு, சந்தோஷமா தூங்கப் போயிட்டேன். மறுநாள் ஒரு பழைய ஸ்கிரிப்ட் உடைஞ்சுபோச்சு. என்னன்னா, எக்கோவுக்கு 'மைனஸ் z' கொடுத்தா பாஷ்ல அது எரர் கிடையாது, கொடுத்ததை அப்படியே திரையில போட்டுடும், தெரியாத ஆப்ஷனை எக்கோ சாதாரண எழுத்தாத்தான் எடுத்துக்கும். என் பொது ஃபங்ஷன் அதைத் தப்பான ஆப்ஷன்னு சொல்லி 2ங்கிற எக்ஸிட் கோடோட (தப்பு நடந்துச்சுன்னு சொல்ற எண்) வெளிய வந்துடுச்சு. சிடிக்கு அது சரி, எக்கோவுக்குத் தப்பு. பாஷ்ல எக்கோ மட்டும் ஏன் தன் லூப்பைத் தானே வச்சிருக்குன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. அன்னைக்கு நான் பண்ணது ரீஃபேக்டரிங்கே இல்ல, நடத்தை மாறிடுச்சு. இந்த வித்தியாசத்தை ஒரு சொல் காட்டலைன்னா அந்தச் சொல் எதுக்கு?

மறுசீரமைப்புக்குப் பொருத்தமான இடமும் பில்ட்-இன் வரலாத்துலயே இருக்கு. பிடிபி-7ங்கிற பழைய கம்ப்யூட்டர்ல யூனிக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை எழுதிட்டிருந்த காலத்துல சிஎச்டிஐஆர் (டைரக்டரி மாத்துற கமாண்டு, இப்ப சிடி) ஷெல்லுக்கு வெளிய இருந்த சாதாரண கமாண்டுதான். ஓடுற புரோகிராம்லேருந்து (அதுதான் பிராசஸ்) இன்னொரு பிராசஸைப் பிரதியெடுக்கிற ஃபோர்க் வந்து, ஒவ்வொரு கமாண்டும் தனி பிராசஸா ஓட ஆரம்பிச்ச உடனே அது வேலை செய்யாம போச்சு. பிள்ளை பிராசஸ் தன் டைரக்டரியை மாத்திக்கிட்டு உடனே செத்துப்போகும், தாய் ஷெல் இருந்த இடத்துலயே நிக்கும். தலையைப் பிச்சுக்கிட்டு தேடிக் கண்டுபிடிச்சாங்கன்னு யூனிக்ஸை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான டென்னிஸ் ரிச்சியே எழுதியிருக்கார். கடைசியில அந்தக் கமாண்டை ஷெல்லுக்குள்ளயே கொண்டுவந்து வச்சாங்க. பிராசஸ் ஓடுற விதமே மாறி, கமாண்டு இடம் மாறி உக்காந்துச்சு பாருங்க, இது மறுசீரமைப்பு. தாராளமா சொல்லுங்க. (உள்ளமைந்த கட்டளைங்கிறது நல்ல சொல், அதுல எனக்குச் சண்டை இல்ல. அதையே சிலர் உட்பொதிந்த கட்டளைன்னு எழுதறாங்க, அது எம்பெடட்டுக்கு (வேறொண்ணுக்குள்ள பொதிச்சு வச்சதுக்கு) வச்ச சொல், குழப்பாதீங்க.)

ரீஃபேக்டரிங்கை இன்னொரு கூட்டம் மறுகாரணியாக்கம்னு எழுதுது. காரணின்னு பள்ளிக்கூடத்துல படிச்சது உண்மைதான், ஆனா கணக்குப் புத்தகத்தை விட்டு வெளிய வந்தா காரணின்னா எதுக்கோ காரணமா இருக்கிறது, 'நோய்க்காரணி' மாதிரி. ஷெல்லோட கோடை மறுகாரணியாக்கம் செஞ்சாங்கன்னா யாருக்கு என்ன புரியும்?

ரெண்டு சொல்லுலயும் முதல்ல நிக்கிற அந்த 'மறு'தான் எனக்குப் பெரிய வருத்தம். இங்கிலீஷ்ல 'ரீ' வந்தா கண்ணை மூடிக்கிட்டு மறு போடறாங்க, மறுஏற்றம், மறுஅளவாக்கம்னு. தமிழ் இந்த வேலையை ரெண்டு வினையை அடுத்தடுத்து வச்சு செய்யற மொழிங்க. அழிச்சு எழுது, அவுத்துக் கட்டு, உருக்கி வார், பிரிச்சுத் தை. பழசை என்ன பண்ணணும், புதுசா என்ன பண்ணணும், ரெண்டும் அதுலயே இருக்கு. இதைப் பேசிக்கிட்டே வளந்தவங்க கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்ததும் மறந்துடறாங்க.

எங்க தாத்தா வீட்டுல மழைக்கு முன்னாடி நாட்டு ஓட்டுக் கூரையைப் பிரிச்சு மேய்வாங்க. ஓடுகளை ஒவ்வொண்ணா இறக்கி, உளுத்துப்போன ரீப்பர் கட்டையை எடுத்துட்டு வேற அடிச்சு, நல்ல ஓடுகளையெல்லாம் தட்டிப் பாத்து பழையபடி அடுக்குவாங்க. சாயங்காலம் தெருவுல போறவருக்கு அதே வீடு, அதே கூரை. உள்ள இருக்கிறவங்களுக்கு ஒழுகாது, அவ்ளோதான். ரீஃபேக்டரிங் அச்சு அசலா இதுதான். எழுத்துல பிரித்துவேய்தல், பேச்சுல பிரிச்சு மேயறது. வேய்தல் ஒண்ணும் செத்துப்போன சொல்லும் இல்ல, தில்லைக்குப் பொன்வேய்ந்த பராந்தகன்னு இன்னைக்கும் சொல்றோமே.

"பிரிச்சு மேயறதுன்னா அடிச்சு நொறுக்குறதுன்னுல்ல பசங்க சொல்றாங்க"ன்னு அந்தத் தம்பியே கேட்டான். சொல்றாங்கதான், அதனாலதான் எழுத்துல வேய்தல்னே வைக்கச் சொல்றேன், அப்ப அந்தக் குழப்பம் வராது. வினையா போடறதும் சுலபம்: பிரித்துவேய்ந்தேன், பிரித்துவேய வேண்டிய கோடு, இன்னும் பிரித்துவேயாத ஃபைல். மறுசீரமைப்பு செய்யப்படாத கோப்புன்னு இழுக்க வேணாம்.

அந்த வெர்ஷன் குறிப்புல இருக்க வேண்டிய வரி இது: "உள்ளமைந்த கட்டளைகளின் கோடு பிரித்துவேயப்பட்டது." தம்பிக்கு அனுப்பினேன். "அப்ப ஸ்கிரிப்ட்டுக்கு ஒண்ணும் இல்லையாண்ணா"ன்னு பதில் வந்துச்சு.